வேரை விட்டுவிடலாமா? நரம்பை ஒட்டிய ஞானப்பல்லுக்கு இருக்கும் வழிகள்

என் தம்பி நாதஸ்வரம் வாசிப்பவன். திருப்பாதிரிப்புலியூரில் வீடு. கல்யாணம், கோயில் உற்சவம் என்று கடலூரிலிருந்து பாகூர், வில்லியனூர் வரை போய் வாசித்துவிட்டு வருவான். வயது முப்பத்தொன்று. போன வருடம் அவனுடைய கீழ்த்தாடை வலப்பக்க ஞானப்பல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை வீங்கியது. மூன்றாவது முறை வாயில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. வைகாசியில் இரண்டு முகூர்த்தங்களை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்தான்.

முதலில் போன கிளினிக்கில் அந்தப் பல்லை மட்டும் சின்ன எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். "நாளைக்கு வாங்க, எடுத்துடலாம். அரை மணி நேர வேலை" என்றார்கள். நரம்பு என்ற பேச்சே எழவில்லை. என்ன தொழில் செய்கிறான் என்றும் யாரும் கேட்கவில்லை. எங்கள் சித்தப்பா தவில் வாசிப்பவர். அன்று இரவு அவர்தான், "ஊதுறவன் வாய்டா அது. இன்னொருத்தர்கிட்ட காட்டாம கைவைக்க விடாதே" என்று பிடிவாதமாகச் சொன்னார். அந்தப் பிடிவாதத்தால்தான் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். பிறகு ஒன்றரை மாதம் விசாரித்து, படித்து, கேட்டு முடிவெடுத்தோம். அந்த ஒன்றரை மாதத்தில் தெரிந்துகொண்டதை, அதே இடத்தில் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

புதுச்சேரியில் நாங்கள் பார்த்த வாய், தாடை அறுவை நிபுணரான டாக்டரம்மா முதலில் ஓபிஜி எடுக்கச் சொன்னார். தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே அது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய்ப் பாதை ஓடுகிறது. அதற்குள் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்து போகின்றன. அந்த நரம்பு வழியில் கீழ்ப்பற்களுக்கெல்லாம் உணர்வு கொடுத்துவிட்டு, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் போகிறது. என் தம்பியின் ஞானப்பல் முன்பக்கம் சாய்ந்து, பாதி எலும்புக்குள்ளும் பாதி ஈறுக்குள்ளும் சிக்கியிருந்தது. அதன் வேர்கள் அந்தக் குழாயின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

ஓபிஜியில் எதைப் பார்க்க வேண்டும் என்று ரூட், ஷெஹாப் என்ற இருவர் 1990இல் ஏழு அடையாளங்களைத் தொகுத்திருக்கிறார்கள். வேரைக் குழாய் கடக்கும் இடத்தில் வேர் கறுத்துத் தெரிவது, குழாயின் வெள்ளைக் கோடு அந்த இடத்தில் அறுந்துபோவது, குழாய் வளைந்து ஒதுங்குவது இவையெல்லாம் அதில் அடக்கம். தம்பியின் படத்தில் முதல் இரண்டும் இருந்தன. ஓபிஜி தட்டையான படம் என்பதால் வேருக்கும் நரம்புக்கும் நடுவே இடைவெளி உண்டா என்று உறுதியாகச் சொல்லாது. அதற்கு தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும். செலவும் கதிர்வீச்சும் ஓபிஜியைவிட அதிகம், அதனால் எல்லோருக்கும் அதை எடுப்பதில்லை. ஓபிஜியில் சந்தேகம் வந்தால் மட்டும்தான். எங்களுக்கு எடுத்ததில், வேருக்கும் நரம்புக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய எலும்புச் சுவர் ஓரிடத்தில் இல்லை என்று தெரிந்தது.

உதடு மரத்தால் என்ன ஆகும்

இங்கே பலருக்கு ஒரு குழப்பம். "நரம்பு போனா வாய் கோணிக்கும்" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அப்படி இல்லை. உதட்டை அசைக்கும் நரம்பு வேறு, அது முகத்தின் பக்கவாட்டிலிருந்து வருகிறது. தாடைக்குள் ஓடுவது உணர்வு நரம்பு. அது அடிபட்டால் உதடு அசையும், சிரிக்கலாம், பேசலாம். ஆனால் கீழுதட்டில் பாதியும் முகவாயும் மரத்துப்போயிருக்கும், அல்லது எறும்பு ஊர்வது போலவோ எரிவது போலவோ இருக்கும். சோறு ஒட்டியிருப்பது தெரியாது. ஷேவ் செய்யும்போது வெட்டினாலும் தெரியாது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். ஆறு மாதம் தாண்டியும் வராவிட்டால் முழுதாகத் திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

தம்பிக்கு இது எப்படி இருக்கும் என்பது தற்செயலாகத் தெரிய வந்தது. அதே வலப்பக்கம் இன்னொரு கடைவாய்ப்பல்லில் சொத்தை இருந்தது. அதை அடைக்க அன்றே ஊசி போட்டார்கள், பாதி உதடு மரத்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் வாத்தியத்தை எடுக்காமல், அதன் முனையில் வாய் வைத்து ஊதும் சீவாளியை மட்டும் வாயில் வைத்துப் பார்த்தான். உதடு சீவாளியைப் பிடித்திருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் எச்சில் ஒழுகியது, காற்று கசிந்தது. கண்ணாடி முன்னால் போய் நின்றான். "கண்ணால பாத்துதான் பிடிக்க வேண்டியிருக்குக்கா" என்றான். நாதஸ்வரத்தில் ஒரே துளையில் பல சுரங்களின் நெளிவை உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சாலும் கொண்டுவருகிறார்கள். அந்த உதட்டில் உணர்வு இல்லை என்றால் விரல் சரியாக இருந்தும் சுருதி நிற்காது. மூன்று மணி நேரத்தில் ஊசி இறங்கிவிட்டது. அவன் முகத்தில் இருந்த பயம் இறங்கவில்லை.

சும்மா விடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வழியைத்தான் பார்க்க வேண்டும். ஞானப்பல் புதைந்திருக்கிறது என்பது மட்டும் அதை எடுப்பதற்குக் காரணம் ஆகாது. வலி, வீக்கம், சொத்தை எதுவும் இல்லாத பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. வேர் நரம்பை ஒட்டியிருந்து, பல் அமைதியாக இருந்தால், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டு இருப்பதே நல்ல சிகிச்சை.

எங்கள் விஷயத்தில் அந்தக் கட்டம் கடந்துவிட்டது. மூன்று முறை வீக்கம் வந்தாயிற்று. பண்ருட்டி முந்திரி தின்றால் துணுக்கு போய் உட்காரும் குழி அது. பிரஷ்ஷும் எட்டாது. அப்படியே விட்டால் சாய்ந்த பல்லுக்கும் அதற்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே அழுக்கு சேர்ந்து அந்த நல்ல கடைவாய்ப்பல்லும் சொத்தையாகும். ஞானப்பல்லை இழப்பதைவிட அந்தக் கடைவாய்ப்பல்லை இழப்பது பெரிய நஷ்டம்.

பல்லின்மேல் மூடியிருக்கும் ஈறை மட்டும் வெட்டிவிடுவது என்று இன்னொரு சின்ன வழியும் உண்டு. பல் நேராக, முழுதாக வெளியே வர இடம் இருந்தால்தான் அதில் பயன். சாய்ந்த பல்லுக்கு ஈறு திரும்ப வளர்ந்து மூடிக்கொள்ளும். கம்பி மாட்டிப் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்து, நரம்பிலிருந்து விலகிய பிறகு எடுக்கலாம் என்றும் படித்தேன். மாதக்கணக்கில் வாய்க்குள் கம்பியோடு ஊத முடியாது என்று தம்பி கேட்டவுடனே தள்ளிவிட்டான். நானும் வற்புறுத்தவில்லை.

முழுதாக எடுப்பது

இதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. கதை அன்றோடு முடிகிறது. உள்ளே எதுவும் மிச்சம் இல்லை, வருடா வருடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நரம்பு தள்ளி இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. சாதாரணமாக ஞானப்பல் எடுக்கும்போது உதட்டு உணர்வு தற்காலிகமாகப் பாதிக்கப்படுவது நூற்றில் சிலருக்குத்தான். நிரந்தரமாகப் பாதிப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

ஆனால் அந்தக் கணக்கு எல்லாப் பற்களையும் சேர்த்துப் போட்டது. எக்ஸ்ரேயில் ஆபத்து அடையாளம் தெரியும் பற்களை மட்டும் தனியாகப் பிரித்தால் எண் மாறுகிறது. லண்டனில் தாரா ரென்டன் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட 128 பேர் இருந்தார்கள். முழுதாக எடுத்த 102 பற்களில் 19இல் நரம்பு பாதிப்பு வந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. ஹாங்காங்கில் லியுங், சியுங் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் முழுதாக எடுத்த 178 பற்களில் 9இல் வந்தது. ஆய்வுக்கு ஆய்வு எண் வேறுபடுகிறது, எடுக்கிற கை, பல்லின் நிலை எல்லாம் அதில் இருக்கிறது. தற்காலிகமாக வந்ததும் இந்தக் கணக்கில் சேர்த்தி. இருந்தாலும் "அரை மணி நேர வேலை" என்ற பேச்சு இந்தப் பல்லுக்குப் பொருந்தாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வயதும் ஒரு காரணம். பத்தொன்பது இருபது வயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் கொஞ்சம் இளகலாக இருக்கும். புதுச்சேரியில் படிக்கும் எங்கள் மாமா பெண்ணுக்குப் போன மாதம் எடுத்தார்கள். வேர் பாதிதான் வளர்ந்திருந்தது, நரம்புக்கு வெகு மேலே. முழுதாக எடுத்து, நாலாம் நாள் காலேஜுக்குப் போய்விட்டாள். அவளுக்கு வேரை விட்டுவிடும் யோசனையே தேவைப்படவில்லை.

தலையை மட்டும் எடுத்து வேரை விடுவது

டாக்டரம்மா இதைச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாதிப் பல்லை எலும்புக்குள் விட்டுவிட்டு ஈறைத் தைப்பதா? சீழ் பிடிக்காதா? உடைந்த வேரை ஊரில் யாராவது "நல்லது, இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார்களா?

கரோனெக்டமி என்று இதற்குப் பெயர். பிரான்சில் எக்குயே, டெபியன் இருவரும் 1984இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஈறைத் திறந்து, பல்லின் தலையை வேரிலிருந்து அறுத்து எடுத்துவிடுகிறார்கள். மிச்ச வேரின் மேல்முனையை எலும்பு விளிம்புக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இருக்கும்படி இழைத்துவிடுகிறார்கள். எனாமல் துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது, இருந்தால் அதன்மேல் எலும்பு மூடாது. பிறகு ஈறைத் தைத்து மூடிவிடுவார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "வேர் சிகிச்சை செய்ய வேண்டாமா?" என்பது. வேண்டாம் என்றார். வேருக்குள் இருக்கும் மென்மையான திசுவான பற்கூழ் உயிரோடு, ஆரோக்கியமாக இருப்பதால்தான் இந்த முறையே நடக்கிறது. ரத்தம் உறைந்து, அதன்மேல் எலும்பு வளர்ந்து மூடிக்கொள்கிறது. சீழ் பிடிப்பது ஏற்கெனவே செத்துப்போன, கிருமி ஏறிய வேர். நாம் ஊரில் பார்த்து பயப்படுவது அந்த வேரைத்தான். சொத்தையில் செத்த பல்லை எடுக்கும்போது உடைந்து உள்ளே தங்கியது வேறு, நல்ல பல்லைத் திட்டமிட்டு அறுத்து விட்டது வேறு. இந்த ஒரு வித்தியாசம் புரிந்த அன்றுதான் நான் இந்தப் பக்கம் சாய ஆரம்பித்தேன்.

ஹாங்காங் ஆய்வில் இப்படிச் செய்ய எடுத்துக்கொண்ட 171 பற்களில் நரம்பு பாதிப்பு ஒன்றில்தான். நோய்த்தொற்று இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டி கலைந்து எலும்பு தெரியும் கொடிய வலி இந்த முறையில் குறைவாக இருந்தது. லண்டன் ஆய்வில் வெற்றிகரமாக வேரை விட்ட 58 பற்களில் ஒன்றில்கூட நரம்பு பாதிப்பு இல்லை.

"வெற்றிகரமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே லண்டன் ஆய்வில் 94 பற்களில் முயன்றார்கள். அதில் 36இல், அறுக்கும்போதே வேர் அசைந்துவிட்டது. அசைந்த வேரை உள்ளே விடக் கூடாது, முழுதாக எடுத்தே ஆக வேண்டும். அப்படி எடுத்ததில் 3 பேருக்கு உணர்வு பாதித்தது. ஹாங்காங்கில் இப்படித் தவறியது 16 பற்களில் மட்டும். கூம்பு மாதிரி ஒட்டி இருக்கும் வேர்கள் எளிதில் அசையும். விரிந்த, வளைந்த வேர்கள் நன்றாகப் பிடித்திருக்கும். ஆக, தலையை மட்டும் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிப் படுத்தாலும், முழுதாக எடுத்த நிலையில் எழுந்திருக்க நேரலாம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். இதை முன்கூட்டியே சொல்லாத இடத்தில் செய்துகொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது, வேர் நகரும். முதல் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மேலே ஏறும். அது நரம்பை விட்டு விலகும் திசை என்பதால் நல்லதுதான். சிலருக்கு மட்டும் ஏறி ஏறி ஈறைத் தொட்டு வெளியே தலைகாட்டும். அப்போது இரண்டாவது முறை எடுக்க வேண்டும். நூற்றில் சிலருக்கு இது நேர்கிறது. ஆனால் அதற்குள் வேர் நரம்பை விட்டு விலகிவிட்டதால் அந்த இரண்டாம் அறுவை முதலாவதைவிடப் பாதுகாப்பானது. தம்பி இதை ஒரே வார்த்தையில் முடித்தான்: "ரெண்டு தடவை வலிச்சாலும் பரவால்லக்கா, உதடு இருக்கணும்."

இந்த முறை காப்பாற்றுவது தாடைக்குள் ஓடும் நரம்பைத்தான். நாக்கின் உணர்வுக்கும் சுவைக்கும் போகும் நரம்பு பல்லின் உட்பக்கமாக, ஈறுக்கு அடியில் போகிறது. எந்த முறையிலும் உட்பக்கம் கருவி தவறினால் அது அடிபடலாம். துத்துக்காரம் (நாக்கால் காற்றை வெட்டி வெட்டி ஊதுவது) வாசிக்க நாக்கும் வேண்டுமே என்று தம்பி கேட்டான். உட்பக்கச் சுவர் வரை அறுக்காமல், நாக்குப் பக்கத்தைப் பாதுகாத்துக்கொண்டு செய்வதாக டாக்டரம்மா சொன்னார். அவனை மாதிரி நேராகக் கேட்டால்தான் இந்தப் பதில் கிடைக்கும்.

யாருக்கு இது ஆகாது

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் அத்தைக்கும் இதே மாதிரி நரம்பருகே பல். என் தம்பி கதையைக் கேட்டு, "எனக்கும் வேரை விட்டுடச் சொல்லு" என்றார். அவருடைய பல்லில் சொத்தை கூழ் வரை போய் செத்துவிட்டது. சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இல்லை. கிருமி ஏறிய வேரை உள்ளே வைத்துத் தைத்தால் சீழ்தான் பிடிக்கும். அவருக்கு சர்க்கரையைக் குறைத்த பிறகு முழுதாக எடுப்பதுதான் வழி, நரம்பு ஆபத்து இருந்தாலும். ஆடும் பல், வேரடியில் கட்டியோ சீழோ இருக்கும் பல், தாடைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுக்கப் போகிறவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் இவர்களுக்கும் ஆகாது. பல் முழுதாகப் படுத்து நரம்போடு கூடவே நீளவாக்கில் கிடந்தால், தலையை அறுக்கும் இடமே நரம்புக்கு மேல் வந்துவிடும், அங்கேயும் பயன் இல்லை.

தொடர்ந்து பரிசோதனைக்கு வர முடியாதவர்கள், உள்ளே ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுக்கும் என்பவர்கள், இவர்களுக்கும் முழுதாக எடுப்பது மேல் என்றே சொல்வேன். நாதஸ்வரக்காரருக்கு உதடு பிழைப்பு. உதட்டில் கொஞ்சம் மரப்பு இருந்தாலும் என் வேலை நடக்கும், இன்னொரு அறுவை மட்டும் வேண்டாம் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது.

எங்கே கேட்பது என்று பலர் கேட்கிறார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய், தாடை அறுவைக்குத் தனித் துறை உண்டு. நம் பக்கத்தில் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்பு பல் மருத்துவ நிறுவனம், கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி, தெற்கே சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் இருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. எங்கே போனாலும் இதைக் கேளுங்கள்: என் வேருக்கும் நரம்புக்கும் நடுவே எலும்பு இருக்கிறதா, படத்தில் காட்டுங்கள், வேரை விடும் முறையை நீங்கள் செய்திருக்கிறீர்களா, அறுக்கும்போது வேர் அசைந்தால் என்ன செய்வீர்கள்?

நாங்கள் ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். முகூர்த்தம் கிடையாது, அம்மன் கோயில்களுக்கு சித்தப்பா வேறு ஆள் ஏற்பாடு செய்தார். தம்பியின் வேர் அசையவில்லை. ஊசி இறங்கிய அன்று மாலை உதட்டின் வலப்பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாலு நாள் நல்ல வீக்கம், பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். தையல் விட்டுவிடும் என்று ஒரு மாதம் ஊதக் கூடாது என்றார்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சவும் கூடாது. ஐந்தாவது வாரம் சீவாளியை நனைத்து, ஆதார ஷட்ஜத்தில் ஒரு நீளமான கார்வை பிடித்தான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

இந்த ஆடியில் ஒரு வருட எக்ஸ்ரே எடுத்தோம். வேர் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் மேலே வந்திருக்கிறது, மேலே எலும்பு மூடியிருக்கிறது. இதற்கு நடுவில் ஊரில் நடந்த ஒரு பல் மருத்துவ முகாமில் அவனுடைய படத்தைப் பார்த்த இளம் டாக்டர், "யாரோ வேரை உடைச்சு உள்ள விட்டுட்டாங்களே" என்று பதறி, எடுத்துவிடச் சொன்னார். அவர்மேல் தப்பில்லை, படத்தில் அப்படித்தான் தெரியும். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டையும், முதல் நாள் எக்ஸ்ரேயையும், "கரோனெக்டமி, வேர் வேண்டுமென்றே விடப்பட்டது" என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளையும் ஒரே கவரில் போட்டு, அவனுடைய சீவாளிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறான்.